தலைவர் மேடையிலிருந்து இறங்கிய விதம்

ஓய்வுபெற்ற அதிகாரிகள் சங்கத் தலைவருக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்தபோது, சங்கத்தார் இரங்கல் தீர்மானமே எழுதி வைத்துவிட்டார்கள். மனிதர் பிழைத்துக்கொண்டதால் அதை வாழ்த்துத் தீர்மானமாக மாற்ற வேண்டியதாயிற்று. வாசகத்தில் பெரிய திருத்தம் தேவைப்படவில்லை.

துணைத்தலைவர் மட்டும் போகிற இடமெல்லாம், "பாவம், இனிமே அவர் எங்க மேடை ஏறப்போறார்!" என்று உச்சுக்கொட்டினார். அது தலைவரின் காதுக்கு எட்டியது. ஆண்டுக் கூட்டத்தில் யார் கையையும் பிடிக்காமல் மேடை ஏறிக் காட்டாவிட்டால் பதவி போய்விடும் என்பது அவருக்கு விளங்கிவிட்டது.

பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் பெண், கட்டில் ஓரத்தில் அவரை உட்காரவைத்து எழுந்து நிற்கச் சொன்னாள்.

"ஏய், எந்திரி!" என்று தலைவர் இடது காலை அதட்டினார். கால் அசையவில்லை. இத்தனை வருட சர்வீஸில் இப்படியொரு கீழ்ப்படியாமையை அவர் கண்டதில்லை.

"அது உங்க ஆபீஸ் கிளார்க் இல்ல சார். முன்னால குனிஞ்சு, எடைய மெதுவா அந்தப் பக்கம் கொண்டுபோங்க."

மாதங்கள் போயின. கைத்தடியுடன் நடந்தார். பயிற்சிப் படியில் நல்ல காலை முதலில் வைத்து, மற்றதை இழுத்துக்கொண்டு ஏறவும் பழகினார். ஏறியதும் கூடத்தைப் பார்த்துக் கும்பிடுவார். கூடத்தில் மனைவியும் சலவைத் துணியும் இருக்கும். பிறகு மனைவியின் தோளில் சாய்ந்து இறங்கிவிடுவார்.

"இப்போ தனியா எறங்கிப் பழகணும் சார். அதுதான் கஷ்டம்."

"ஏறத்தான்மா உன்னக் கூப்பிட்டேன். எறங்குறதுக்கெல்லாம் எவனாவது பாடம் படிப்பானா? தண்ணிகூடத் தானா எறங்குது."

"தண்ணிக்கு முட்டி கெடையாது சார்."

"விடும்மா. அவருக்குத் தெரியாததா!" என்றாள் மனைவி, துணியை மடித்துக்கொண்டே.

ஆண்டுக் கூட்டத்தில் தலைவர் தனியாக மேடை ஏறினார். கைதட்டலில் கூரை அதிர்ந்தது. துணைத்தலைவரே பல்லைக் கடித்துக்கொண்டு அவர் பெயரை மறுபடி தலைவர் பதவிக்கு முன்மொழிந்தார். பேச்சை முடித்துப் படியருகே வந்த தலைவர் கீழே பார்த்தார். தலை கிறுகிறுத்தது. திரும்பிப் போய், "கடைசியாக ஒரு வார்த்தை" என்று மறுபடி மைக்கைப் பிடித்தார்.

அந்தக் கடைசி வார்த்தை முடிகிற வழியாக இல்லை. பின்கட்டில் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. ஒருவரும் எழவில்லை. தலைவர் மேடையை விட்டு இறங்கும்வரை யாரும் நகரக் கூடாதென்று விதி போட்டவர் தலைவரேதான்.

மனைவி படியடியில் வந்து நின்றாள். "ஏங்க, கையக் குடுங்க."

"மானத்த வாங்காத. போய் உக்காரு."

மேடையில் பின்னாலிருந்த துணைத்தலைவர் தேனொழுகச் சொன்னார்: "நீங்க முதல்ல எறங்குங்க தலைவரே. உங்கள முந்திக்கிட்டுப் போற அளவுக்கு நாங்க மரியாதை கெட்டவங்களா?"

சபை முழுவதும் மரியாதையாக எழுந்து, நடுவில் வழிவிட்டு ஒதுங்கி நின்றது. அதனால் கடைசி வரிசைக்காரருக்கும் மேடைப் படி நன்றாகத் தெரிந்தது.

தலைவர் தடியைக் கீழே வைத்தார். மேல்படியில் உட்கார்ந்தார். குழந்தைபோல் ஒவ்வொரு படியாகச் சறுக்கி இறங்கினார்.

யாரும் சிரிக்கவில்லை. செயலாளர் படியருகே வந்து தயங்கினார். தலைவர் உட்கார்ந்து இறங்கிய படியில் தான் நின்றுகொண்டு இறங்குவதா? அவரும் உட்கார்ந்து சறுக்கினார். பொருளாளர் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டுச் சறுக்கினார்.

துணைத்தலைவர் ஒரு கணம் யோசித்தார். அடுத்த தேர்தல் என்று ஒன்று இருக்கிறதே. இஸ்திரி கலையாமல் பேண்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவரும் உட்கார்ந்தார்.