மிக்சி ஓடுமுங்களா?

சோலார் மெக்கானிக் முனீஸ் புது லித்தியம் பேட்டரியை ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் வைத்து, இரண்டு முழங்காலாலும் அணைத்துப் பிடித்தபடியே வந்து சேர்ந்தான். சித்ரகலா கேட்டைத் திறந்துவிட்டாள். பழைய பேட்டரிகள் வந்த நாளில் ஒவ்வொன்றையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி, வழியில் இரண்டு இடத்தில் இறக்கி வைத்து மூச்சு வாங்கியது அவளுக்கு நினைவிருந்தது. இதை அவன் ஒருவனே குழந்தையைத் தூக்குவதுபோல இடுப்பில் சாய்த்துக்கொண்டு நடந்தான்.

"இவ்வளவுதானுங்களா?" என்றாள்.

"இவ்வளவுதான் மதினி. எடை கம்மி, பவர் சாஸ்தி. எங்க வீட்டுக்காரி மாதிரி."

வண்டிக்குள்ளிருந்து அவள் வீட்டுக்காரர் பூபாலன் சிரிக்கும் சத்தம் கேட்டது.

வண்டி வீட்டுக்குப் பின்னால், நூல் மூட்டைகள் இறங்கும் இடமாயிருந்த காலி மனையில் நின்றது. இரண்டு சக்கரத்தின் மேல் ஒரு வெள்ளைப் பெட்டி. கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் சொல்லிச் செய்தது. உள்ளே இரண்டு பேர் படுக்க இடம், அடுப்பு மேடை, ஒரு சின்னத் தொட்டி. முன்னால் பூபாலனின் பிக்கப்பைக் கோத்தால் இழுத்துக்கொண்டு போகலாம். ஆனால் வந்த நாளிலிருந்து அது போனதில்லை. தெருவில் எல்லாரும் அதைத் தேர் என்றார்கள். "ஏனுங்க, தேரு எப்பங்க நெலைய உட்டுக் கெளம்பும்?" என்று பால்காரர்கூடக் கேட்டுவிட்டுப் போவார்.

பூபாலன் வீரபாண்டியில் நிட்டிங் யூனிட் வைத்திருந்தவர். கல்யாணமான காலம் தொட்டு மிஷின் சத்தத்துக்குள்ளேயே இருந்தார். அவர் ஓட்டிக் கொடுத்த துணி பனியனாகித் தூத்துக்குடியில் கப்பல் ஏறும். அவர் தூத்துக்குடியைப் பார்த்ததில்லை. மகளைக் கட்டிக் கொடுத்து, மிஷின்களையும் விற்ற பிறகு, ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "கடலோரமாவே ஒரு மாசம் போயிட்டு வரலாம் புள்ள. ஒரு வண்டி பண்ணச் சொல்லியிருக்கறன்," என்றார்.

சித்ரகலாவுக்கு அதில் இஷ்டமில்லை. கடல் அவளுக்குப் பயமில்லை. இத்தனை வருஷத்தில் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டதெல்லாம் சோறு போடட்டுங்களா, கரண்டு வந்திருச்சா, மகளுக்கு ஃபீஸ் கட்டியாச்சா என்பவைதான். மிஷின் ஓடிய காலத்தில் அவர் சாப்பிடவும் தூங்கவும் வந்தார். இப்போது நாள் முழுக்க வீட்டிலிருக்கிறார். வீட்டிலாவது பேசாமலிருக்க நாலு அறை இருந்தது. அந்தப் பெட்டிக்குள் ஒரு மாதம் எதிரெதிரே உட்கார்ந்து என்ன பேசுவது?

வரவில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. அவள் பிறந்த வீட்டில் யாரும் எதையும் மாட்டேன் என்று சொன்னதில்லை. பிடிக்காத வரன் வந்தால் அப்பா, "பையனுக்குக் காடு தோட்டம் எந்தப் பக்கமுங்க? தண்ணி வசதி எப்படியுங்க? ஊட்டுல இன்னும் எத்தன பேருங்க?" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டே போவார். மூன்றாவது கேள்வியில் தரகர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். பூபாலன் பெண் பார்க்க வந்தபோது அப்பா ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அதனால் அவளும் கேட்டாள்.

"ராத்திரியெல்லாம் ஃபேன் ஓடுமுங்களா?"

பூபாலன் யோசித்தார். அடுத்த வாரம் முனீஸ் வந்து வண்டியின் கூரையில் இரண்டாவது சோலார் தகட்டை ஏற்றினான்.

"வண்டி நெழல்ல நின்னா என்னங்க பண்றது?"

பிக்கப்பின் எஞ்சின் ஓடும்போதே பின்வண்டி பேட்டரிக்குச் சார்ஜ் ஏறும்படி ஒரு கருவி வந்தது. மழை பிடித்துக்கொண்டால் என்று கேட்டாள். பெட்ரோல் பங்கிலோ லாட்ஜிலோ ஒயரைச் செருகி ஏற்றிக்கொள்ள இன்னொரு சார்ஜர் வந்தது. கடைசியாக, இதற்கு மேல் அவருக்குப் புரியாமல் போகாது என்று நினைத்து, "மிக்சி ஓடுமுங்களா?" என்றாள்.

பூபாலன் முனீஸைப் பார்த்தார். முனீஸ் தலையைச் சொறிந்தான். "இந்தப் பேட்டரில கஷ்டம் அண்ணாச்சி. இது பாதிக்கு மேல எடுத்தா செத்துப்போகும். லித்தியத்துக்கு மாறிருவோம். அது கடைசி வரைக்கும் குடுக்கும்."

மிஷின்காரருக்குக் கேள்வி என்றால் கோளாறு. கோளாறு என்றால் சரி செய்வது. அவர் ஒவ்வொன்றையும் சரி செய்தார்.

ஆனால் அந்த வேலைகள் நடந்த இரண்டு வருஷத்தில் சித்ரகலா எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. முனீஸ் வராத நாட்களில் பூபாலன் தனியே ஒயர் இழுத்தார். டார்ச் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. அவள் பிடித்தாள். கையை நீட்டினால் எந்தத் திருப்புளி என்று அவளுக்கே தெரிய ஆரம்பித்தது. மெத்தைப் பலகைக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு, முகம் தெரியாமல் அவர் பேசுவார். ஒரு தடவை முழு லாட்டுத் துணியும் ரிஜெக்ட் ஆகித் திரும்பி வந்தபோது நூல் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுததைச் சொன்னார். அவளுக்கு அந்த நாள் நினைவிருந்தது. அன்று அவர் ரசம் நன்றாயிருக்கிறது என்று சொல்லி இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டிருந்தார்.

"எங்கிட்டச் சொல்லவே இல்லீங்களே."

"சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்ப?"

"நானும் அழுதிருப்பனுங்க."

பலகைக்கு அடியிலிருந்து திருப்புளிக்காக அவர் கை நீண்டது.

இன்னொரு நாள் பேச்சுவாக்கில், தான் மத்தியானச் சோற்றை எப்போதும் அடுப்படியில் நின்றபடியே தின்றுவிடுவதாக அவள் சொன்னாள். ஒரு ஆளுக்காக எதற்கு இலையும் தட்டும் என்று. அவர் வெளியே தலையை நீட்டி அவளைப் பார்த்தார். மறுநாள் வண்டிக்குள் எதிரெதிரே இரண்டு இருக்கையும் நடுவில் மடக்கு மேசையும் மாட்டினார். அதை அவள் கேட்டிருக்கவே இல்லை.

இப்போது முனீஸ் புதுப் பேட்டரியைப் பெல்ட் போட்டு இறுக்கினான். வெயில், எஞ்சின், ஒயர் என மூன்று பக்கத்துச் சார்ஜர்களையும் லித்தியத்துக்கு ஏற்றபடி மாற்றி அமைத்தான். பேட்டரியின் சார்ஜைக் காட்டும் சின்னத் திரையில் எண்கள் தெரிந்தன. "மதினி, மிக்சியக் கொண்டாங்க."

தேங்காயும் பொட்டுக்கடலையும் பச்சை மிளகாயும் போட்டு அவளே திருகினாள். அந்தச் சின்னப் பெட்டிக்குள் மிக்சி ஊரைக் கூட்டியது. பூபாலன் திரையையே பார்த்தபடி கையைத் தூக்கி, "எறங்குல! எறங்கவே இல்ல!" என்று கத்தினார். மூன்று பேரும் மடக்கு மேசையில் இட்டிலி தின்றார்கள்.

கிளம்பும்போது முனீஸ் படியில் நின்று, "ம், சொல்லுங்க மதினி. அடுத்த கேள்வி என்ன?" என்றான்.

சித்ரகலா வண்டிக்குள் ஒரு சுற்றுப் பார்த்தாள். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. பூபாலன் கைகழுவாமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற ஒண்ணுமில்லீங்க," என்றாள்.

"அப்ப மைதிலி ஊட்டு விசேஷம் முடியட்டும். அதுக்கு அடுத்த வாரம் கெளம்பிரலாம்," என்றார் பூபாலன்.

"செரிங்க."

அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது அந்த வார்த்தை. அவளுக்கே ஆச்சரியமாயிருந்தது. அன்று மாலை அவர் கடைக்குப் போயிருந்த நேரத்தில், இரண்டு டம்ளர், அஞ்சறைப் பெட்டி, அவருடைய மாற்றுக் கண்ணாடி, தனக்கு ஒரு பழைய நூல் சேலை எல்லாவற்றையும் கொண்டுபோய் வண்டியின் மேல் அலமாரியில் அடுக்கினாள். அதை அவரிடம் சொல்லவில்லை. போகிற வழியில் அவராகத் திறந்து பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

மைதிலி சித்ரகலாவின் தங்கை. அவள் பேத்திக்குக் காதுகுத்து, திருமுருகன்பூண்டியில். பந்தியில் பூபாலனுக்குப் பக்கத்தில் இருந்த யாரோ, "தேரோட்டம் எப்பங்க?" என்று ஆரம்பித்தார்கள். அடுத்த வாரம் என்று பூபாலன் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார். பாயச வாளியோடு வந்த மைதிலி நின்றுவிட்டாள்.

"அக்காளா? வண்டியிலயா? அவளுக்கு மொதல்ல இருந்தே இஷ்டமில்லீங்க மச்சான்! வண்டிக்கு அட்வான்ஸ் குடுத்தன்னைக்கே எங்கிட்ட ஃபோன்ல அழுதா. வாயத் தொறந்து சொல்லமாட்டாம ஃபேன் ஓடுமா, மிக்சி ஓடுமான்னு கேட்டுத் தட்டிக் கழிச்சிட்டிருக்கறா. நீங்க என்னடான்னா அவ கேக்கக் கேக்க வாங்கி வாங்கி மாட்டிட்டிருக்கறீங்க!"

பந்தி முழுக்கச் சிரித்தது. "அடுத்தது ஏசி கேளுங்கக்கா!" என்றது ஒரு குரல். பூபாலனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே குனிந்து இலையில் அப்பளத்தை நொறுக்கினார்.

மைதிலி பொய் சொல்லவில்லை. அழுத அன்று அது உண்மைதான். அது உண்மையில்லாமல் போய்விட்டதை மைதிலியிடம் யாரும் சொல்லவில்லை.

"அப்படியெல்லாம் இல்லீங்க," என்றாள் சித்ரகலா.

சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல்லாதவர்கள் அந்தப் பந்தியில் எல்லாருமே. அப்படியெல்லாம் இல்லீங்க என்றால் என்ன அர்த்தம் என்று அவர்களுக்குத் தெரியும். பூபாலனுக்கும் இப்போது தெரிந்துவிட்டது.

பிக்கப்பில் திரும்பினார்கள். ரயில் கேட்டில் நின்றபோது, "ஏம்புள்ள, அன்னைக்கே சொல்லியிருக்கலாமல்ல?" என்றார். குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் அவளுக்குச் சொல்ல எளிதாயிருந்திருக்கும்.

"இப்ப வந்துங்க..." என்று ஆரம்பித்தாள்.

"உட்று. உன்னையத் தப்புச் சொல்லுல. நான் மிஷின்காரன். ஒருத்தர் கேள்வி கேட்டா ரிப்பேர் பண்ணத்தான் தெரியும்."

ரயில் கடந்தது. அதன் சத்தம் அடங்கியதும் சொல்லிவிடலாம் என்றிருந்தாள். அடங்குவதற்குள் பின்னால் நின்ற லாரிகள் ஹாரன் அடிக்கத் தொடங்கிவிட்டன.

அடுத்த வாரம் வந்தது. கிளம்புவதைப் பற்றி அவர் பேசவில்லை. காலையில் வண்டிக்குள் போய்த் திரையைப் பார்த்துவிட்டு வந்தார். முன்பெல்லாம், "புள்ள, பேட்டரி ஃபுல்லு!" என்று அங்கிருந்தே கத்துவார். இப்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்து பேப்பரை விரித்தார். அவள் இரண்டு முறை டார்ச்சோடு பின்வாசல் வரை போனாள். பிடிப்பதற்கு வேலை எதுவும் இருக்கவில்லை.

ஒரு நாள் காபி டம்ளரைக் கீழே வைக்காமலே சொன்னார்: "வெள்ளகோவில் ஆறுமுகசாமி இருக்கறாருல்ல, காத்தாலைக் கம்பெனில மெயின்டனன்ஸ் காண்ட்ராக்ட் எடுத்திருக்கறாரு. ஆளுக தங்கறதுக்கு வண்டி கேட்டாரு. நாளைக்குச் சொல்றன்னிருக்கறன்." கொஞ்சம் பொறுத்து, "குடுத்தரலாமா?" என்றார்.

அவர் கேட்டேவிட்டார். வேண்டாமுங்க, நாம போலாமுங்க என்று மூன்று வார்த்தை. அவளுக்கு நெஞ்சுக்குள் அந்த மூன்றும் வரிசையாக நின்றன. வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

"அங்க வெயில் நல்லா அடிக்குமுங்களா?"

பூபாலன் அவளை ஏறிட்டுப் பார்த்தார். அவர் முகத்தில் என்னவோ ஓடியது. இந்தத் தடவையாவது பதில் சொல்லாமல், ஏன் கேட்கிறாய் என்று கேட்பார் என அவள் காத்திருந்தாள்.

"பொட்டக்காடு," என்றார். "ஒரு மரங்கெடையாது. பேனலுக்கு அருமையான எடம்."

வண்டியை எடுத்துப்போக ஆள் வருவதாகச் சொன்ன நாளன்று அவர் குளிக்கப் போன நேரத்தில் சித்ரகலா ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். அலமாரிக்குள் இருட்டாயிருந்தது. விளக்கைப் போட்டாள். டம்ளர், அஞ்சறைப் பெட்டி, கண்ணாடி, சேலை. ஒவ்வொன்றாகப் பையில் வைத்துக்கொண்டு படி இறங்கினால், ஈரத்தலையோடு பூபாலன் எதிரே நின்றிருந்தார்.

"அதென்ன பை?"

"சும்மா, கொஞ்சம் சாமானுங்க. வெச்சிருந்தன்."

அவர் பையை வாங்கி விரித்துப் பார்த்தார். தன்னுடைய கண்ணாடியை எடுத்தார். அது தொலைந்துவிட்டது என்று அவர் வேறு வாங்கியிருந்தார்.

"இத எப்ப வெச்ச?"

"மிக்சி ஓடுனன்னைக்குங்க."

அவர் கண்ணாடியை மடக்கினார், விரித்தார், மறுபடி மடக்கினார். "சித்ரா," என்றார். அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது எப்போது என்று அவளுக்கு நினைவில்லை. அதற்குள் முன்பக்கம் டிராக்டர் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. ஆறுமுகசாமியே வந்திருந்தார். "ஏனுங்க பூபாலு, ரெடிங்களா? ஆளுக அங்க காத்துட்டிருக்கறாங்க. உங்க வார்த்தைய நம்பித்தான் டென்ட்ட நேத்தே பிரிச்சிட்டனுங்க!" என்று சொல்லிக்கொண்டே கேட்டைத் தள்ளினார்.

பூபாலன் அவரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "வாங்க, வாங்க. காபி குடிக்கறீங்களா?" என்றார்.

கோத்து முடிக்க வெகு நேரம் ஆகவில்லை. டிராக்டர் இழுத்ததும் சக்கரத்தடியிலிருந்து மண் பெயர்ந்து உதிர்ந்தது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு, ஏதோ பழக்கப்பட்டதுபோல லேசாகப் பின்னாலேயே போனது. பால்காரர் தன் வண்டியை ஓரங்கட்டிக் கும்பிடு போட்டார். கூரைத் தகடுகளில் உச்சி வெயில் பட்டுக் கண் கூசியது.

கேட்டுக்கு வெளியே இருவரும் நின்றார்கள். அவர் கையில் பை இருந்தது. தெரு முனையில் திரும்பும்போது வண்டியின் பின் சன்னல் நேராக இவர்கள் பக்கம் வந்தது. உள்ளே, அந்தப் பட்டப்பகலில், அலமாரி விளக்கு எரிந்துகொண்டிருந்தது.