நேராக வராத வரிகள்

எங்கள் கண் ஆஸ்பத்திரியின் கூடம் எப்போதும் பாதி இருட்டில்தான் இருக்கும். சொட்டு மருந்து விட்டுக்கொண்டவர்களுக்கு வெளிச்சம் கூசும் என்பதால் பச்சைத் திரைகளை இழுத்து விட்டிருப்போம். கண்மணி விரிந்து, தலையைச் சுவரில் சாய்த்து, எதிரில் இருப்பது யார் என்றே தெரியாமல் ஆட்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். தூக்கத்தில் பேசுவது போலிருக்கும். ஆறு வருஷமாக வரவேற்பு மேசையில் உட்காரும் எனக்கே சில நேரம் தண்ணீருக்கடியில் வேலை பார்க்கிறோமோ என்று தோன்றும்.

அன்று காலை, நோயாளிகளுக்குப் படிக்கக் கொடுக்கும் தாளைப் புதிதாக அச்செடுத்தேன். பழையது ஓரமெல்லாம் கிழிந்துவிட்டது. ஒரு ஏரியைப் பற்றிய பத்து வரிகள், டாக்டரம்மாவே எழுதியவை. மேலே பெரிய எழுத்தில் தொடங்கி, கீழே போகப் போகச் சின்னதாகும்.

முதலில் வந்தவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். தாளை வாங்கிக் கிட்டே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார்.

“படிங்க ஐயா.”

“என்னத்த படிக்கிறது? கொம்பு ஒரு பக்கம் போகுது, புள்ளி ஒரு பக்கம் விழுது. நேத்துகூட பேப்பர் படிச்சேனேம்மா… அவ்வளவுதானா என் கண்ணு?”

பதறிப்போய்த் தாளை வாங்கிப் பார்த்தேன். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தன. கம்ப்யூட்டர் திரையில் எல்லாம் ஒழுங்கு, தாளில்தான் அலங்கோலம். “உங்க கண்ணுல ஒண்ணுமில்ல ஐயா, காகிதம்தான் கோளாறு” என்று கிழிந்த தாளையே நீட்டினேன். மனிதர் கடைசி வரி வரைக்கும் ஒரே மூச்சில் படித்து முடித்து, என்னை ஒரு முறை முறைத்துவிட்டு உள்ளே போனார்.

பிரிண்டர் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். டோனர் அண்ணன் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். எத்தனை முறை துவைத்தாலும் அவர் சட்டைப் பையில் கறுப்புத் தூள் கொஞ்சம் ஒட்டியிருக்கும். அவசரமே தெரியாத ஆள். வந்ததும் பிரிண்டரின் பொத்தானை அழுத்திப் பிடித்தார். அது கம்ப்யூட்டர் துணையில்லாமல் தானாகவே ஒரு சோதனைத் தாளை வெளியே தள்ளியது. கையில் எடுத்துத் தூரப் பிடித்துப் பார்த்தார்.

“மிஷின் மேல தப்பில்ல தங்கச்சி. உன் கம்ப்யூட்டர் எழுத்தோட பேரை மட்டும் சொல்லி அனுப்புது. மிஷின் தன்கிட்ட இருக்கிற வேற எழுத்தைப் போட்டு ஒப்பேத்துது. அளவு சேரல, அதான் ஒண்ணுமேல ஒண்ணு ஏறுது.”

“இப்ப என்னண்ணே பண்றது?”

“எழுத்தைப் படமாவே அனுப்பச் சொல்லிடலாம். கொஞ்சம் மெதுவா வரும். ஆனா நீ திரையில பார்த்தது அப்படியே வரும்.”

செட்டிங்ஸில் ஒரே ஒரு கட்டத்தை மாற்றினார். தாள் சூடாக வந்து விழுந்தது. கொம்பும் புள்ளியும் அதனதன் இடத்தில் இருந்தன. ஏரி அமைதியாகக் கிடந்தது. எனக்கு உயிர் வந்தது.

அண்ணன், வாட்ச் ரிப்பேர்க்காரர்கள் வைப்பது போன்ற சின்ன லென்ஸ் ஒன்றை வலது கண்ணில் பொருத்திக்கொண்டு குனிந்தார். ரொம்ப நேரம் நிமிரவில்லை.

“ம்ஹூம். இன்னும் வளையுது.”

“நேராத்தானே இருக்கு?”

“நீயும் இதையே சொல்ற பாரு! ரெண்டு வாரமா எங்க போனாலும் இதே கதைதான். வக்கீல் ஆபீஸ்ல டிரம்மையே மாத்தினேன். பள்ளிக்கூடத்துல ரோலரைக் கழட்டித் துடைச்சேன். நல்லாத்தான் இருக்குன்னு அவங்க சொல்றாங்க. எனக்கு மட்டும் வரி நடுவுல தொய்யுது, ஈரத்துணி போட்ட கொடி மாதிரி.”

இதே பேச்சை இந்த மேசைக்கு எதிரே நின்று எத்தனையோ பேர் பேசிக் கேட்டிருக்கிறேன்.

“அண்ணே, லென்ஸை இடது கண்ணுல வெச்சுப் பாருங்களேன்.”

பழக்கமில்லாததால் லென்ஸ் இரண்டு முறை நழுவியது. மூன்றாம் முறை நின்றது.

“நேரா இருக்கு” என்றார்.

“வலதுல?”

“வளையுது.” சிரிக்க முயன்றார். “லென்ஸ்ல அழுக்கு ஏதாவது இருக்கும்.”

“ரெண்டு கண்ணுக்கும் அதே லென்ஸ்தானேண்ணே?”

அவர் பைக்குள் ஸ்க்ரூடிரைவர்களை ஒவ்வொன்றாக வைத்தார். நான் கையைப் பிடித்து டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன்.

சொட்டு மருந்து விட்டு, விழித்திரையைப் படம் எடுத்தார்கள். வலது கண்ணின் விழித்திரைக்கு அடியில், சரியாக நடுவில், சின்னக் கசிவு. “இன்னும் ரெண்டு மாசம் இப்படியே விட்டிருந்தா நடுப்பார்வையே போயிருக்கும். மாசம் ஒரு ஊசி. இன்னிக்கே ஆரம்பிச்சிடலாம்” என்றார் டாக்டரம்மா.

“கண்ணுலயா ஊசி?”

“வலிக்காது. மரத்துப்போக மருந்து விட்டுருவோம்.”

ஊசிக்குக் காத்து அண்ணன் கூடத்தில் திரையோரம் உட்கார்ந்திருந்தார். “மிஷினைப் பார்க்க வந்து நானே ரிப்பேர் ஆயிட்டேன் பாரு” என்று யாரிடமோ சொன்னார். பக்கத்து நாற்காலியில் ஆளே இல்லை.

தகவல் தெரிந்து அவர் மனைவி ஓடி வந்தார். தையல்காரம்மா; கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. நான் விஷயத்தைச் சொன்னதும் நெஞ்சில் கை வைத்தார்.

“அடப்பாவி மனுஷா! நான் தைச்ச தையலெல்லாம் கோணல்னு பத்து நாளா சண்டை போட்டீங்களே! மூணு ரவிக்கையைப் பிரிச்சுத் தைச்சேனே!”

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே அழுகையானது. அண்ணன் தடவித் தடவி அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

மூன்று ஊசி போட்டாயிற்று. கசிவு வற்றிவிட்டது. வலது கண்ணில் நடுவே ஒரு மெல்லிய நெளிவு மட்டும் நின்றுவிட்டது. அது போகாது என்று டாக்டரம்மா மறைக்காமல் சொன்னார். அண்ணன் இடது கண்ணில் லென்ஸ் வைக்கப் பழகிக்கொண்டார். இப்போது எழுத்து வளைகிறது என்று யார் கூப்பிட்டாலும், பிரிண்டரைத் திறப்பதற்கு முன்னால் அவர்களை ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொல்கிறாராம். சிலர் சிரிக்கிறார்களாம். அவர் அதைக் கண்டுகொள்வதில்லை.

நேற்று நான்காவது மாதப் பரிசோதனைக்கு வந்திருந்தார். மருந்து விட்டுவிட்டு உட்கார வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், வாய் லேசாகத் திறந்தபடி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். திரை அசையும்போதெல்லாம் பச்சை வெளிச்சம் அவர் முகத்தில் ஏறி இறங்கியது. உள்ளேயிருந்து அவர் எண்ணைக் கூப்பிட்டார்கள். எழுப்ப மனம் வரவில்லை. அடுத்தவரை அனுப்பி வைத்தேன்.