காக்கைக்குக் கட்டிய வலை

லைட்ஹவுஸ் குப்பத்தில் அடுத்த வீட்டில் என்ன குழம்பு என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது. தீனா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், மேலே ஒரே மொட்டைமாடி. அவன் வாங்கின வானிலை மிஷின் கதையை என்னைவிட்டால் யார் சொல்வது?

நாலு வருஷமாக மாடியில் ஒரு பழைய மிஷின் வைத்திருந்தான். மழைக்கு ஒரு குடுவை, காற்றுக்கு மூன்று கிண்ணி. கிண்ணிகளில் ஒன்று போன புயலில் பறந்துவிட்டது. மீதி இரண்டும் கல்யாண வீட்டில் குடித்துவிட்டு ஆடுகிறவன் மாதிரி சுற்றும். தீனா விடியலில் ஏணி ஏறி அதைப் பார்த்து, அப்படியே கடலையும் பார்த்து, ஊர் வாட்ஸ்அப் குழுவில் காற்றின் வேகத்தைச் சொல்வான். மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டரைத் தாண்டினால் படகு இறங்காது. அவன் அண்ணன் ராஜவேலு மட்டும் சிரிப்பான். "கடல்ல போறவன் நான். மாடில நிக்கிறவன் எனக்குக் காத்து சொல்றான்."

இந்த ஐப்பசியில் தீனா புதுசு வாங்கிவிட்டான். மேலே சூரியத் தகடு, கம்பியே கிடையாது. காற்றின் வேகம் கட்டில் பக்கத்தில் ஒரு சின்னத் திரையில் வந்து நிற்கும். மாடியில் ஆளுயரக் குழாய் நட்டு, உச்சியில் கிண்ணிகளைப் பூட்டினான். அன்றோடு ஏணியை மறந்தான். படுத்துக்கொண்டே ஊருக்குக் காற்று சொன்னான். "மகாராஜா எந்திரிச்சிட்டாரா?" என்று நான் சுவர் வழியாகக் கேட்பேன்.

அந்தக் குழாய்க்கு நானும் ஒரு வேலை வைத்தேன். மாடியில் நெத்திலி காயப்போட்டால் காக்கை விடாது. கிழிந்த வலையை மேலே கட்டிவிடுவோம். எந்தக் கம்பம் நின்றாலும் அதில் ஒரு மூலையை முடிச்சுப் போடுவோம், யாரையும் கேட்கிற வழக்கமில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தீனாவின் குழாயில் முடிச்சுப் போட்டேன். வலையின் முனை நீளமாகத் தொங்கியது. தொங்கட்டும் என்று விட்டேன்.

புதன் விடியலில் ராஜவேலு கரையில் நின்று மூக்கைச் சுருக்கினான். புயல் எச்சரிக்கை மறுநாளிலிருந்துதான்.

"தீனா, வாடைக் காத்து கொஞ்சம் கனமா கீதேடா?"

"இல்லண்ணா. நேத்து பதினாலு, இன்னிக்கி ஆறு. கொறஞ்சிகினே வருது. புது மிஷின், பொய் சொல்லாது."

ராஜவேலு தம்பி முகத்தையே பார்த்தான். அத்தனை வருஷக் கிண்டலுக்கும் சேர்த்து ஒருநாள் அவன் பேச்சைக் கேட்போம் என்று தோன்றியிருக்க வேண்டும். "சரி, இன்னிக்கி நீ சொல்றதுதான்" என்று ஃபைபர் படகைத் தள்ளினான். கூட அவன் படகுக் கூட்டாளி சாம்சன் ஏறினான். மற்றவர்கள் டீக்கடையில் யோசித்தார்கள், யோசித்தபடியே தங்கிவிட்டார்கள்.

ஒன்பது மணிக்கு மணல் பறந்தது. பத்து மணிக்குக் கடல் வெள்ளையாகப் புரண்டது. ராஜவேலுவின் போன் மணியே அடிக்கவில்லை, அவ்வளவு தூரத்தில் டவர் கிடையாது. அவன் மனைவி அமுதவல்லி தலைவிரிகோலமாகத் தீனா வீட்டுக்கு ஓடிவந்தாள். நானும் பின்னாலேயே போனேன்.

"இன்னா தீனா சொல்லுது உன் மிஷினு?"

அவன் திரையைத் தூக்கிக் காட்டினான். "ஏழு அண்ணி. ஏழுதான் காட்டுது."

வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி தானாகத் தெருவில் நடந்துபோனது. தீனா திரையைத் தட்டினான். பேட்டரியைக் கழற்றி மாட்டினான். மறுபடியும் ஏழு. "நான் இன்னா பண்ணிட்டேன் அண்ணி, நான் இன்னா பண்ணிட்டேன்" என்று திரையை நெற்றியில் மோதிக்கொண்டான்.

எனக்கு அப்போதுதான் நெத்திலி ஞாபகம் வந்தது. இரண்டு உயிர் கடலில், எனக்கு நெத்திலி. மாடிக்கு ஓடினேன். ஒரு மீன்கூட மிச்சமில்லை. வலை மட்டும் இருந்தது. தொங்கின முனை காற்றில் எழும்பி மூன்று கிண்ணிகளையும் சுற்றிப் பிடித்திருந்தது. அவை கால் சுற்று திணறும், நிற்கும், மறுபடி திணறும்.

நானே போட்ட முடிச்சு, அவிழவில்லை. பல்லால் கடித்து அறுத்தேன். கிண்ணிகள் சீறிக்கொண்டு சுற்றின. கீழே தீனா கத்தினான். "நாப்பத்திரெண்டு அண்ணி! நாப்பத்திரெண்டு!" மிஷின் சரியாகிவிட்ட சந்தோஷம் அந்தக் குரலில் ஒரு நொடி இருந்தது. அடுத்த நொடி அதுவே ஓலமாயிற்று.

வலையைச் சுருட்டி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு கரைக்குப் போனேன். தேடிப்போக ஒரு படகையும் அலை இறங்கவிடவில்லை. தீனா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி "அண்ணா" என்று கத்தினான். நாலு பேர் இழுத்துவந்து போட்டார்கள். திரும்பவும் இறங்கினான். திரும்பவும் இழுத்தார்கள்.

ஊரில் யார் வீட்டுச் சேதியும் என் வாயில் அரைமணி தங்காது. இது மூன்று மணி நேரம் தங்கியது. கடைசியில் அமுதவல்லி பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையைத் திறந்தேன்.

"மிஷின் மேல தப்பில்ல அமுதா. தீனா மேலயும் இல்ல. காக்காவுக்கு நான் கட்ன வலை, கிண்ணில மாட்டிக்கிச்சு."

அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் வலையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தாள்.

"அவரு வரட்டும்கா. வந்தப்புறம் உன்ன வச்சிக்கிறேன்."

"வச்சிக்கோ."

"துடப்பம் பிஞ்சிடும், சொல்லிட்டேன்."

"பியட்டும்டி."

துடைப்பத்தடி வேண்டும் என்று எல்லையம்மனிடம் மன்றாடியவள் இந்தக் கரையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நாலு மணிக்குத் தெற்கே மணல்மேட்டுப் பக்கம் யாரோ கூவினார்கள். படகு இல்லை, இன்ஜின் இல்லை. ஆளுக்கொரு டீசல் கேனைக் கட்டிக்கொண்டு ராஜவேலுவும் சாம்சனும் கரையில் தவழ்ந்தார்கள். தீனா அண்ணன் காலில் விழுந்தான். ராஜவேலு உப்புத் தண்ணீரைக் கக்கிவிட்டு முதலில் கேட்டது இதுதான்: "இப்ப எவ்ளோடா காட்டுது?"

தீனா அண்ணன் கால்களை விடவே இல்லை.

அமுதவல்லி புருஷன் தலையைத் துவட்டினாள். சூடாக டீ குடிக்க வைத்தாள். பிறகு எழுந்து கூட்டத்தில் என்னைத் தேடினாள். துடைப்பத்துக்கு வீட்டுக்குப் போக அவளுக்குப் பொறுமையில்லை. வலையை இரண்டாக மடித்துக் கையில் சுற்றிக்கொண்டு வந்தாள்.

நான் ஓடவில்லை.