செல்லம்மா எதிரே வந்தால்

“‘எனக்குச் சகுனத்துல நம்பிக்கை இல்ல.’ இத்தத்தான் எழுதிகீறியா?” என்று கேட்டாள் செல்லம்மா.

“ஆமா. இன்னா இப்போ?”

“ஒண்ணுமில்ல. மேல படி.”

மலர் படித்தாள். உள்ளூர் வானொலியில் ‘நான் நம்புவது’ என்று ஒரு நிகழ்ச்சி. யார் வேண்டுமானாலும் ஒரு பக்கம் எழுதித் தன் குரலிலேயே படிக்கலாம். பதிவு செய்ய வானொலிப் பெண் ஷாலு நாளை காத்திவாக்கத்துக்கே வருகிறாள். புருஷனை இழந்தவள் எதிரே வந்தால் கடலுக்குப் போகிறவனுக்கு ஆகாது என்பது பொய், எந்தப் பெண்ணும் அதற்காகக் கதவுக்குப் பின்னால் நிற்க வேண்டாம் என்று மலர் எழுதியிருந்தாள்.

செல்லம்மா பக்கத்து வீடு. புருஷன் கடலில் இறந்ததிலிருந்து, ஆண்கள் படகேறி முடிக்கும்வரை தெருவில் இறங்கமாட்டாள். விற்பதற்கு மீன் எடுக்கக் காசிமேட்டுத் துறைமுகத்துக்குப் போகும் முதல் ஷேர் ஆட்டோ அவளுக்குக் கிடைத்ததே இல்லை.

“நல்லாத்தான் கீது. நாளைக்கு உன் வூட்டுக்காரு கெளம்பும்போது நான் எதுர்ல வரட்டா?”

மலர் பேனா மூடியைக் கழற்றினாள், மறுபடி மூடினாள்.

“அதான பாத்தேன்,” என்று சிரித்தபடி எழுந்து போனாள் செல்லம்மா.

அன்று மலருக்கு வேலை எதுவும் ஓடவில்லை. அந்த வரியை அடித்தாள். மறுபடி எழுதினாள். புருஷன் பாஸ்கர் எட்டிப் பார்த்தான்.

“இன்னாமே, பரீச்சையா?”

“நாளைக்கு செல்லம்மா எதுர்ல வந்தா நீ இன்னா பண்ணுவ?”

“மீனு வுழலன்னா அவளத் திட்டுவேன்,” என்று சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. “ஏன், வரச் சொன்னியா?”

“இன்னும் இல்ல.”

“கூட வர்றவனுங்க சும்மா இருக்கமாட்டானுங்க, மலரு.”

“நீ?”

அவன் வலையைப் பார்க்கப் போய்விட்டான்.

மறுநாள் விடிகிற நேரம் மலர் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“வெளிய வா, செல்லம்மா.”

“போடி, வெளாட்டுக்குச் சொன்னேன்,” என்றது உள்ளேயிருந்து குரல். “ஒண்ணு ஆச்சுன்னா ஊரு உன்னியா கேக்கும்? எழுதுறது நீ, பேச்சு வாங்குறது நானா?”

மலருக்கு இது தோன்றியிருக்கவே இல்லை. ஆண்கள் வலையோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள். நடுத்தெருவுக்கு வந்து நின்றாள்.

“எல்லாரும் கேட்டுக்கோங்க! செல்லம்மாவ எதுர்ல வரச் சொன்னது நான். எது ஆனாலும் என் வூட்டாண்ட வந்து கேளுங்க.”

“காலங்காத்தால இன்னா பேஜாரு இது!” என்றான் பாஸ்கரோடு படகில் போகும் ரஞ்சித்.

கதவு திறந்தது. செல்லம்மா கூடையோடு இறங்கி அவர்களுக்கு எதிரே நடந்தாள். ரஞ்சித் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பாஸ்கரின் கால் ஒரு கணம் தயங்கியது.

“இன்னா, இன்னிக்கு மொத ஆட்டோவா?” என்று கேட்டுவிட்டு அவளைத் தாண்டிப் போனான்.

பகலில் ஷாலு கரைக்கு வந்தபோது மற்றப் படகுகள் திரும்பியிருந்தன. பாஸ்கரின் படகைக் காணோம். கரையில் நின்றவர்கள் மலரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலே தேவலை என்றிருந்தது அவளுக்கு.

“படிக்கலாமாக்கா?” என்று ஷாலு போனை நீட்டினாள்.

“எனக்குச் சகுனத்துல நம்பிக்கை இல்ல,” என்று தொடங்கினாள் மலர். அடுத்தது காகிதத்தில் இல்லாதது. “ஆனா பயம் கீது. அத்த இன்னொருத்தி தலையில கட்டக்கூடாது. அவ்ளோதான்.”

கண் மறுபடி படகுகள் நுழையும் முகத்துவாரத்துக்குப் போனது. மீதிப் பக்கத்தைப் படிக்காமலே காகிதத்தை மடியில் இறக்கினாள்.

மீன் விற்றுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்லம்மா எழுந்தாள். வெயிலுக்குக் கண்ணின் மேல் கையை வைத்துக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் திரும்பி நின்றாள்.

“நீ படி, மலரு. நான் பாத்துகினு கீறேன்.”