புதுச்சத்திரத்தில் நின்ற கார்

சேலத்தில் சரவணமுத்து புதிதாகத் திறந்த மோட்டார் கம்பெனியில் கார் விற்கச் சேர்ந்தபோது மயில்சாமிக்கு ஓட்டத்தான் தெரியும். காருக்குள் என்ன இருக்கிறதென்று தெரியாது. அதுவரை ஊர் ஊராகத் தையல் மெஷின் விற்றவன். வாய் இருந்தால் எதையும் விற்றுவிடலாம் என்பது அவன் நம்பிக்கை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழு அது. பெரும் நிலக்காரர்களான மிட்டாதாரர்கள் வைத்திருந்த பெரிய கார்களின் விலையில் பாதிக்கும் குறைவாக ஒரு சின்னக் கார் வந்திருந்தது. நாலு சிலிண்டர், கறுப்பு வண்ணம், துணிக் கூரை. பண்ணையம் பார்க்கிறவர்கள்கூட வாங்கலாம் என்று கம்பெனியே நோட்டீஸ் அடித்துக் கொடுத்திருந்தது. மயில்சாமி அதை மனப்பாடம் செய்து சந்தை சந்தையாகப் போய் ஒப்பித்தான். ஜனங்கள் காரைத் தொட்டுப் பார்த்தார்கள், ஹாரனை அமுக்கினார்கள், ஓசியில் ஒரு சுற்றுப் போய்வந்து குடும்பத்தோடு இறங்கிக்கொண்டார்கள். இரண்டு மாதத்தில் ஒரு கார்கூட விற்கவில்லை. இந்த மாதமும் இப்படியே போனால் பழையபடி தையல் மெஷினையே தூக்கிக்கொண்டு போகலாம் என்று சரவணமுத்து சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அந்தச் சிரிப்பை மயில்சாமி நம்பவில்லை.

பரமத்தி வேலூர்ச் சந்தையில்தான் பெருமாயி வந்தாள். ஆறு ஏக்கர் வெற்றிலைக் கொடிக்காலைப் புருஷன் இறந்த பிறகு தனியாகவே பார்த்து வருகிறவள். மற்றவர்களைப் போல அவள் ஹாரனை அமுக்கவில்லை. பின் இருக்கையைக் கழற்ற முடியுமா, எத்தனை கட்டு வெற்றிலை ஏற்றலாம், சேலம் போக எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டாள். மாட்டு வண்டியில் போனால் ஒன்றரை நாள் ஆகிறதாம். கோடையில் கட்டுக்குள் சூடேறி, நடுவில் இருக்கும் வெற்றிலை கறுத்துவிடுகிறதாம்.

“நடு வழியில நின்னு போச்சுன்னா என்னங்க பண்றது?” என்றாள்.

“இந்தக் கார் நிக்கவே நிக்காதுங்கம்மா.”

பெருமாயி அவனை ஒரு பார்வை பார்த்தாள். நாளைக் காலையில் இருபது கட்டு ஏற்றிக்கொண்டு தானும் கூட வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

விடிந்ததும் கிளம்பினார்கள். காற்று குளுகுளுவென்று அடித்தது. நாமக்கல் மலைக்கோட்டை கண்ணுக்குத் தெரிந்து, பக்கத்தில் வந்து, பின்னால் போனது. பெருமாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வழியில் கண்ட மாட்டு வண்டிகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். மயில்சாமிக்கு உற்சாகம் தாங்கவில்லை. நோட்டீஸில் இல்லாத பெருமைகளையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டே ஓட்டினான்.

புதுச்சத்திரம் தாண்டும்போது கார் இரண்டு முறை இருமியது. பிறகு நின்றுவிட்டது.

மயில்சாமி இறங்கி முன்பக்கம் போய், எஞ்சினைக் கிளப்பும் கைப்பிடியைச் சுற்றினான். தோள் கழன்றதுதான் மிச்சம். எஞ்சின் மூடியைத் திறந்து, எல்லாம் தெரிந்தவன் போல உள்ளே குனிந்து நின்றான். குனிந்த தலையை நிமிர்த்தத் தைரியம் வரவில்லை. பெருமாயி ஒன்றும் கேட்காமல் சாலையோரப் புளியமரத்தடியில் போய் உட்கார்ந்தாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

எதிர்ப்புறம் ஒரு கொல்லுப்பட்டறை. வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை அடித்துக்கொண்டிருந்த மாதையன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வந்தான். காருக்குள் அவன் எட்டிப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. எண்ணெய் எங்கே ஊற்றுவது, அது எந்த வழியாக எங்கே போகிறது என்று இரண்டு கேள்வி கேட்டான். முதலாவதற்கு மட்டும்தான் மயில்சாமியிடம் பதில் இருந்தது. மாதையன் பெட்ரோல் தொட்டியில் விரலை வைத்து, குழாயோடு குழாயாக விரலை ஓட்டிக்கொண்டே எஞ்சின் வரை வந்தான்.

“வாய்க்கா அடைச்சுட்டா தண்ணி எப்பிடிங்க பாயும்?” என்று சொல்லிவிட்டு, கார்ப் பெட்டியில் பிரிக்காமலே கிடந்த ஸ்பேனர்களை எடுத்துவரச் சொன்னான். குழாயைக் கழற்றி வாயில் வைத்து ஊதினான். கறுப்பாக அழுக்குத் தெறித்தது. முந்தின நாள் மயில்சாமி பழைய தகர டின்னில் பெட்ரோல் வாங்கி வடிகட்டாமல் ஊற்றிய வினை அது. தன் துண்டை நாலாக மடித்து மீதிப் பெட்ரோலை வடிகட்டி, குழாயை முடுக்கினான் மாதையன். முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. எல்லாம் அரை மணி நேரத்துக்குள்.

சேலம் வரை மயில்சாமி எஞ்சின் சத்தத்திலேயே காதை வைத்து ஓட்டினான். பத்து மணிக்கு முன்னால் மார்க்கெட்டில் கட்டைப் பிரித்தபோது, வெற்றிலை பறித்த ஈரத்தோடு பச்சென்று இருந்தது. வியாபாரிகள் மொய்த்தார்கள். அவன் ஓரமாக நின்று, சரவணமுத்துவிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

பெருமாயி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். “கம்பெனி எங்கிருக்குது சாமி? வண்டியை எம் பேருக்கு எழுதச் சொல்லோணும்.”

அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “வழியில நின்னு போச்சுங்களே அம்மா?”

“நின்னுச்சு. பட்டறைக்காரரு ஊதி உட்டாரு, ஓடுது. காரு நின்னா மெட்ராசுல இருந்து ஆளு வரோணுமாக்கும்னுதான் இத்தன நாளா பயந்துட்டு இருந்தேன். இதை நீ நேத்தே சொல்லியிருந்தா நேத்தே வாங்கியிருப்பனே.”

அன்று சாயங்காலம் மயில்சாமி கம்பெனி மெக்கானிக்கிடம் போய், தனக்கு எல்லாம் முதலிலிருந்து கற்றுக்கொடுக்கும்படி கேட்டான். பத்து நாள் காருக்கு அடியிலேயே கிடந்தான். வீட்டில் அவன் மனைவி கந்தம்மாள், வேட்டியில் எண்ணெய் மசி போகவில்லை என்று சலித்துக்கொண்டாள். அவனோ சாப்பிடும்போதுகூடக் குழாய்களைப் பற்றியே பேசினான்.

அதன் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் சந்தைக்கு முன்னால் கொல்லுப்பட்டறைக்குத்தான் போனான். ஆட்டையாம்பட்டியில், குமாரபாளையத்தில் எல்லாம் பட்டறை வாசலில் காரை நிறுத்தி, ஜமுக்காளம் விரித்து, பாகம் பாகமாகக் கழற்றி வைப்பான். அந்த ஊர்க் கொல்லரையே திரும்பப் பூட்டச் சொல்வான். புதுக் காரைச் சந்தியில் பிரித்துப் போடுகிறான் என்று கேள்விப்பட்ட சரவணமுத்து பதறிப்போய் ஒருநாள் நேரிலேயே வந்துவிட்டார். கொல்லர் எஞ்சினைப் பூட்டிச் சுற்றினார், அது ஓடியது. கூட்டத்தில் நின்ற ஒரு ஜவுளி வியாபாரி, கறுப்பைத் தவிர வேறு வண்ணம் கிடைக்குமா என்று கேட்டார். திட்ட வந்த சரவணமுத்து அவரிடம் விலை பேசத் தொடங்கினார்.

தீபாவளிக்குள் ஒன்பது கார் விற்றது. பெருமாயி ஓட்டவும் பழகிவிட்டாள். புதுச்சத்திரத்தில் மாதையன் பட்டறைக்குப் பக்கத்திலேயே ஒரு கொட்டகை போட்டான். மாட்டு வண்டிகள் ஒரு பக்கமும் மோட்டார் வண்டிகள் மறு பக்கமும் அவனுக்காகக் காத்துக் கிடந்தன.