டம்முக்கு ரெண்டு குதி

கோவம் வந்தா எனக்குக் காலு ஒரு எடத்துல நிக்காது. கோவம் இல்லன்னாலும் நிக்காதுன்னு எங்கம்மா சொல்லும். போன பிப்ரவரி மாசம் முழுக்க எனக்குக் கோவம்தான், அதனால அந்த மாசம் கணக்குல வராது.

நானும் சுமலதாக்காவும் கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஒரு கார் பார்ட்ஸ் கம்பெனியில ஒரே லைன்ல காண்ட்ராக்ட். எங்க பக்கத்துல ஒரு பெரிய பிரஸ் மெஷின் கீது. அது செகண்டுக்கு ஒரு தரம் டம்முன்னு தகட்ட அடிக்கும், வுழற பீஸ எடுத்து நாங்க ட்ரேல அடுக்கணும். வேலைக்குச் சேந்து எனக்கு ரெண்டு வருஷம். அவங்களுக்கு ஒம்பது. பதினோரு மாசத்துக்கு ஒரு தரம் வெளிய அனுப்பி, ஒரு மாசம் கழிச்சி மறுபடி கூப்டு ஒம்பது வருஷம் ஓட்டிட்டானுங்க. ஏப்ரல்ல எங்க வேலைக்கு ரோபோ வருது, காண்ட்ராக்ட் லேடீஸ் யாரும் வேணாம்னு ஆயிடிச்சி.

அப்பதான் எச்.ஆர். வெங்கடேசன் சார் கூப்டு ஒண்ணு சொன்னாரு. கம்பெனிங்களுக்குள்ள நடக்கற டென்னிஸ் போட்டிக்குப் பொம்பளைங்கள்ல ஒரு ஆள் வேணும், அந்த ஆள பர்மனென்ட் பண்ணிக்கலாம்னு மேல ஒத்துக்கினாங்களாம். ஸ்கூல்ல பூப்பந்து ஆடுனவங்க லைன்ல ரெண்டே பேரு. நான், சுமாக்கா. சீட்டு ஒண்ணு. நல்லா கீது நியாயம்.

கோச் பரத், என் வயசுப் பையன்தான். கைய வுட காலுதான் முக்கியம்னு சொல்லி ஆளுக்குத் தெனம் ஐநூறு கயிறு குதிக்கச் சொன்னான். பேக்கிங்ல கெடந்த நைலான் கயித்த ரெண்டா அறுத்து ஆளுக்கொண்ணு எடுத்துக்கினோம். டீ பிரேக்குலயும் மெஷின் நிக்காது, மாத்து ஆளுங்க பாத்துக்குவாங்க. அந்த நேரம் பிரஸ் ஷெட்டுக்குப் பின்னாடி அக்காவும் நானும் எதிரும் புதிருமா நின்னு குதிப்போம். மீதிய ஊட்ல. ஒரு மாசத்துல எனக்கு மூச்சு வாங்கறது நின்னு போச்சி, தொட இறுகிடிச்சி. ஆனா கோர்ட்டுல எறங்குனா ஒரே பேஜாரு. எதிராளி பந்த அடிக்கற அந்த நேரத்துல சின்னதா ஒரு குதி குதிச்சி எறங்கணும், அப்பதான் எந்தப் பக்கமும் ஓட முடியும். நான் எப்பவும் முன்னாடியே குதிக்கறேன், இல்லன்னா லேட்டா குதிக்கறேன்னு பரத் கத்துவான். அக்காவையும் அப்டித்தான் கத்துவான். ஏன்னு அவனுக்கும் தெரியல, எங்களுக்கும் தெரியல.

எங்க ஊடு மொட்டமாடியில ஒத்த ரூம். நேர் கீழ ஆபிதாக்கா ஊடு, பழவேற்காட்டுக்காரங்க. அவங்க ஊட்டுக்காரர் சஹாபுதீன் அண்ணன் வேற கம்பெனியில நைட் ஷிப்ட். எனக்கு மத்தியான ஷிப்ட், அதனால காலையில ஒம்பது மணிக்கு அவரு தலைக்கு மேலதான் என் கயிறு சுத்தும். ஒருநாள் ஆபிதாக்கா படியேறி வந்து இடுப்புல கை வெச்சிக்கினு நின்னாங்க. சண்டைக்குத்தான் வந்துகிறாங்கன்னு நானும் நாலு வார்த்தை ரெடி பண்ணிக்கினேன்.

அவங்க கேட்டது வேற. நேத்து ஏன் குதிக்கலன்னு கேட்டாங்க.

"நீ குதிச்சாத்தாம்மா அவுரு தூங்கறாரு. அவுரு கம்பெனி பிரஸ் ஓடற மாதிரியே கீதாம். அடுத்த குதி எப்ப வுழும்னு எனக்கே தெரியுது, கண்ண மூடிக்கினு வெங்காயம் அரியறேன்."

அவங்க எறங்கிப் போனதும் கயித்த எடுத்துக் குதிச்சிப் பாத்தேன். அடிப்பாவி. டம்முக்கு ரெண்டு குதி. ஷெட்டுக்குப் பின்னாடி நின்னு பழகுன பழக்கம். மெஷின் ஊட்டுக்கே வந்து என் கால்ல உக்காந்துகினு கீது. கோர்ட்டுலயும் நான் எதிராளியப் பாத்துக் குதிக்கல, அதோட தாளத்துக்குக் குதிக்கறேன். அக்காவும் அதே தாளம்தான்.

அன்னியிலேருந்து தாளத்தக் கெடுத்தேன். ஒத்தக் கால்ல மூணு, நிறுத்து, பக்கவாட்டுல ரெண்டு, பின்னால ஒண்ணு. ரோட்ல வண்டி ஹாரன் அடிச்சா ஒரு குதி, காக்கா கத்துனா ஒரு குதி. மூணாம் நாளு சஹாபுதீன் அண்ணன் கண்ணு செவந்து மேல வந்து, மெஷின் பிரேக்டவுனான்னு கேட்டாரு. இன்னும் ஒரு வாரம் பொறுத்துக்குங்கண்ணான்னு கெஞ்சுனேன். பாவம், தலகாணிய எடுத்துக்கினு மச்சான் ஊட்டுக்குப் போயிட்டாரு.

இப்ப ஒண்ணு சொல்றேன், சொல்லாம இருக்க முடியல. டீ பிரேக்குல மட்டும் நான் பழையபடியே குதிச்சேன். டம்முக்கு ரெண்டு. அக்கா எதிர்ல நின்னு சிரிச்சிக்கினே குதிச்சாங்க, தெனம் அவங்க டிபன்ல பாதிய எனக்குக் குடுத்தாங்க. எனக்குத் தெரிஞ்சத நான் அவங்களுக்குச் சொல்லல. நாளைக்கிச் சொல்லலாம், நாளைக்கிச் சொல்லலாம்னு பத்து நாளு ஓட்டுனேன்.

செலெக்சன் ஞாயித்துக்கிழமை காலையில, ஒரே செட்டு. அக்கா கை என் கைய வுட பலம். எடுத்த எடுப்புல மூணு கேமும் அவங்களுக்கு. அப்புறம் பந்தப் பாக்கறத வுட்டு அவங்க காலப் பாத்தேன். காலு மேல, கீழ, மேல, கீழ. பிரஸ் ஷெட் அன்னிக்கு லீவு, ஆனா எனக்கு அது கேட்டுச்சி. அவங்க காலு மேல போற நேரமாப் பாத்து நான் அடிச்சேன். எறங்கறதுக்குள்ள பந்து தாண்டிடும். திரும்ப அதே. திரும்ப அதே. ஆறுக்கு நாலு. பரத் கை தட்டுனான், அக்கா வந்து என்னக் கட்டிப் புடிச்சிக்கினு முதுகுல தட்டுனாங்க. எனக்கு ஒடம்பெல்லாம் கூசுச்சி.

வியாழக்கெழம பர்மனென்ட் ஆர்டர் வந்துச்சி. எங்கம்மா அத ஜீசஸ் படத்துக்குக் கீழ வெச்சி ஜெபம் பண்ணிச்சி. எனக்கு நாஷ்டா எறங்கல, உக்காந்தா எழுந்துக்கணும்னு கீது, எழுந்தா எங்க போறதுன்னு தெரியல. அடுத்த ஞாயித்துக்கிழமை சர்ச்சு முடிஞ்ச கையோட ரயிலேறி ஆரம்பாக்கம் போனேன். சுமாக்கா ஊடு அங்கதான்.

அக்கா உள்ள கூப்டு சேர் போட்டாங்க, டீ போட்டுக் குடுத்துட்டு எதிர்ல உக்காந்தாங்க. நான் டீயத் தொடாம எல்லாத்தையும் கொட்டிட்டேன். ஆபிதாக்கா சொன்னது, தாளத்தக் கெடுத்தது, டீ பிரேக்குல நடிச்சது, அவங்க காலப் பாத்து அடிச்சது. திட்டுங்கக்கான்னு சொன்னேன். அடிச்சாலும் வாங்கிக்கினு போற மனசோடதான் போயிருந்தேன்.

அவங்க டீ டம்ளர என் பக்கம் நவுத்தி வெச்சாங்க.

"தெரியும் ஹெலனு. நாலாவது கேம்லயே தெரிஞ்சிப் போச்சி, நீ என் காலப் பாத்துதான் அடிக்கறன்னு."

தெரிஞ்சுமா அக்கா மாத்தலன்னு கேட்டேன்.

"நில்லுன்னு சொல்லிப் பாத்தேன். காலு கேக்கல. உனுக்கு ரெண்டு வருஷம், மாத்திக்கின. எனுக்கு ஒம்பது வருஷம்மா."

அவ்ளோதான் சொன்னாங்க. அப்புறம் டீ ஆறிடப் போவுது குடின்னாங்க, போட்டி என்னிக்குன்னு கேட்டாங்க, முட்டிக்கு எண்ண தேச்சிக்கோன்னாங்க. எனக்குக் கண்ணு முட்டிக்கினு வந்துச்சி, தலையக் குனிஞ்சேன்.

குனிஞ்ச எடத்துல அவங்க காலு தெரிஞ்சிது. சேருக்கு அடியில, செருப்பில்லாம, குதிகாலு தரையத் தொட்டுத் தொட்டு எழுந்துக்கினு இருந்துச்சி. அது ஆடறது அவங்களுக்குத் தெரியல, பிஸ்கட் வேணுமான்னு கேட்டுக்கினு இருந்தாங்க. நான் மனசுக்குள்ள எண்ணிப் பாத்தேன். டம்முக்கு ரெண்டு.