ஒரு வருஷம்னே போடுங்க

"உங்க அப்பாவுக்கு இன்னைக்கு என்ன கிழமைன்னு தெரியுமா?"

டாக்டர் கேட்டது பெரியவரிடம் அல்ல, மகனிடம்.

பெரியவருக்குச் சுருக்கென்றது. முப்பத்தோரு வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கி மின்சார ரீடிங் எடுத்தவர். தெருவே அவரை 'மீட்டர்' என்றுதான் கூப்பிடும். எந்த வாசலில் எந்த நாய் கடிக்கும் என்பதுகூட மறக்காத மனுஷனைப் பொட்டலம் மாதிரி நாற்காலியில் வைத்துவிட்டு, தலைக்கு மேலே பேசிக்கொண்டிருந்தார்கள்.

"சுகர் டெஸ்ட்னு சொல்லித்தானேடா கூட்டிட்டு வந்தே?"

"பாத்தீங்களா டாக்டர்? இப்படித்தான், திடீர் திடீர்னு கத்துவார்" என்றான் மகன்.

"அடுப்பைக்கூட அணைக்க மறந்துடறார், பாவம்." மருமகளின் குரலில் தேன் சொட்டியது.

"நான் இருக்கறது என் மக கூட. நீ எங்கம்மா வந்து அடுப்பைப் பாத்தே?"

மகன் அவசரமாக ஒரு தாளை மேஜைமேல் நகர்த்தினான். எல்லாம் அடித்துத் தயாராக இருந்தது, டாக்டர் கையெழுத்துதான் பாக்கி. இருட்டு மூலைகளில் எண்களைத் துழாவிப் பழகிய கண்கள் அதைத் தலைகீழாகவே படித்தன. 'கடந்த ஒரு வருட காலமாக மனநிலை தெளிவின்றி...'



போன மாதம்தான் உயில் எழுதியிருந்தார். இருக்கும் வீடு மகளுக்கு. இடுப்பு முறிந்து கிடந்த மூன்று மாதமும் மூத்திரப் பாத்திரம் ஏந்தியவள் அவள். மகன் இரண்டு தடவை ஆப்பிளோடு வந்து போனான். இன்று இந்தத் தாள் கைக்கு வந்துவிட்டால், அவர் கண்ணை மூடியதும் உயில் செல்லாது என்று கோர்ட்டுக்குப் போவான். மகள் நடுத்தெருவில் நிற்பாள்.

டாக்டர் புருவம் சுருக்கினார். "அதென்ன சரியா ஒரு வருஷம்?"

"வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா ஒருத்தர் சொன்னார் டாக்டர். கொஞ்சம் பின்னாடி தள்ளிப் போட்டா கேஸ் கெட்டியா நிக்குமாம்."

பெரியவர் சிரித்தார். கோபம் தலைக்கேறினால் அவருக்குச் சிரிப்புதான் வரும்.

"போடுங்க டாக்டர். ஒரு வருஷம்னே போடுங்க. நல்லா அழுத்திப் போடுங்க."

மகன் திகைத்தான். "அப்பா?"

"என் பேர்ல இருந்த கடையை இவன் பேருக்கு எழுதிக் குடுத்து எட்டு மாசம் ஆகுது டாக்டர். வியாழக்கிழமை, பத்திர நம்பர் ரெண்டாயிரத்து நானூத்திப் பதினேழு. 'முழு சுயநினைவோட எழுதறேன்'னு அதுல இருக்கு. சாட்சிக் கையெழுத்து யாருது தெரியுமா? இதோ, இந்தத் தேன் குரலோடது. ஒரு வருஷமா எனக்குப் புத்தி பேதலிச்சிருந்தா அந்தப் பத்திரம் மட்டும் எப்படிடா நிக்கும்?"



"அந்தக் குமாஸ்தா பேச்சைக் கேக்காதீங்கன்னு நான் அப்பவே சொன்னேன்ல?" மருமகள் புருஷனைப் பார்த்துச் சீறினாள். தேன் போன இடம் தெரியவில்லை.

மகனின் கை தாளை நோக்கிப் பாய்ந்தது. அதற்குள் பெரியவரின் உள்ளங்கை அதன்மேல் விழுந்தது.

"கையை எடுடா! மீட்டரைப் பின்னாடி ஓட வச்ச எத்தனை பேரைப் பிடிச்சுக் குடுத்தவன் நான்? என்கிட்டயே ஓட்டிப் பாக்கறியா?"

"அப்பா, கடைதான்பா எங்க பொழப்பே..."

"என் மகளுக்கு அந்த வீடுதான் கதி. அது மட்டும் உன் கண்ணுக்குத் தெரியலை, இல்லே?"

டாக்டர் நாற்காலியைத் திருப்பி முதல் முறையாக அவரை நேராகப் பார்த்தார். "ஐயா, இன்னைக்கு என்ன கிழமை?"

"செவ்வாய். உங்க தலைக்குப் பின்னாடி காலண்டர் இன்னும் ஞாயித்துக்கிழமையிலயே தொங்குது. கிழிங்க."

டாக்டர் காலண்டரைக் கிழிக்கவில்லை. புதுத் தாள் ஒன்றை எடுத்து, பெரியவரிடம் கேள்வி மேல் கேள்வியாக அரைமணி நேரம் கேட்டுவிட்டு, 'மனத்தெளிவுடன் இருக்கிறார்' என்று தேதியோடு எழுதிக் கையெழுத்திட்டார். பெரியவர் இரண்டு தாள்களையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். உயிலோடு சேர்த்துவைக்க ஒன்று. மகன் மறுபடி வாலாட்டினால் முகத்தில் வீச இன்னொன்று.

வாசலில் மகன் கார் கதவைத் திறந்துகொண்டு நின்றான். "ஏறுங்கப்பா. கொண்டுபோய் விடறேன்."

"எங்கேடா விடுவே?" என்றார் பெரியவர். "பஸ்ல போய்க்கறேன். எனக்கு வழி தெரியும்."